இடப்பக்கச் சிரையும் இடுப்புத் தமனியும்

ஆணின் வலது விரையிலிருந்து கிளம்பும் இரத்தம் நேராகக் கீழ்ப்பெருஞ்சிரைக்கு, அதாவது உடலின் கீழ்ப்பாதி இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் பெரிய சிரைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இடது விரையின் இரத்தத்துக்கு அந்தச் சலுகை இல்லை. அது 8 முதல் 10 சென்டிமீட்டர் வரை கூடுதலாக மேலே ஏறி, இடது சிறுநீரகத்திலிருந்து வரும் சிரையில் கலந்து, அந்தச் சிரையின் வழியாகத்தான் கீழ்ப்பெருஞ்சிரையை அடைய வேண்டும். இந்த வேறுபாட்டை நம்பித்தான் என் பிழைப்பில் ஒரு பகுதி ஓடுகிறது. நான் ரேடியாலஜிஸ்ட். ஸ்கேன் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதோடு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே இரத்தக் குழாய்க்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு வைத்தியமும் பார்க்கிறேன்.

அந்தரங்கச் சிக்கலோடு என்னிடம் வரும் ஆண்களில் பெரும்பாலோர் இரண்டு கூட்டம். குழந்தை இல்லை என்று வருபவர்கள் ஒரு பக்கம், விறைப்பு வருவதில்லை என்று வருபவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு கூட்டமும் ஒரே மாதிரிக் கூச்சத்தோடு நாற்காலியின் நுனியில் உட்காரும். இரண்டுமே நரம்புத் தளர்ச்சிக்கு மாத்திரை, லேகியம் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வந்திருக்கும். என்னிடம் இருப்பது ஒரே மருந்து என்றும் நினைத்திருப்பார்கள்: ஒரு கதீட்டர், இரத்தக் குழாயை அடைக்கும் நாலு கம்பிச் சுருள் (காயில்), சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம். முதல் கூட்டத்தில் சிலருக்கு அது அப்படியே நடக்கிறது. இரண்டாவது கூட்டத்தில் பெரும்பாலோரை நான் இந்த வேலை நடக்கும் கேத் லேப் பக்கமே கூட்டிப்போவதில்லை. இரண்டு முடிவுக்கும் காரணம் இரத்தக் குழாய்களின் அமைப்பில் இருக்கிறது.

முதலில் சிரை. கருவில் விரைகள் உருவாவது வயிற்றின் பின்சுவரில், சிறுநீரகங்களுக்குப் பக்கத்தில். பிறப்பதற்குள் அவை கீழே இறங்கி விரைப்பைக்கு வந்துவிடும். வரும்போது தங்கள் தமனியையும் சிரையையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகின்றன. அதனால்தான் தொடைகளுக்கு நடுவே இருக்கிற உறுப்புக்கு, தொப்புளுக்கும் மேலே பெருந்தமனியிலிருந்து கிளை வருகிறது. சிறுநீரகக் கல் நகரும்போது வலி விரைவரை இறங்குவதும் இந்தப் பழைய அக்கம்பக்க உறவால்தான்; நரம்புகளும் ஒரே இடத்திலிருந்து வந்தவை.

விந்தணு உற்பத்திக்கு உடல் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவான சூடு வேண்டும். வெளியே தொங்குவது மட்டும் அதற்குப் போதாது. விரையிலிருந்து ஏறும் சிரைகள் ஒன்றாகச் சேர்வதற்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு இழைகளாகப் பின்னி, இறங்கி வரும் தமனியைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. தோலருகே ஆறிய இரத்தம் அந்தச் சிரைகளில் ஏறும்போது, வயிற்றிலிருந்து சூடாக இறங்கும் தமனி இரத்தத்தின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. இந்தப் பின்னல் வீங்கி அதில் இரத்தம் தேங்கினால் அதுதான் வெரிகோசில். தேங்கியது வயிற்றின் சூட்டோடு திரும்பி வந்த இரத்தம் என்பதால், ஆற்றுகிற ஏற்பாடே சூடேற்றுகிற ஏற்பாடாகிவிடுகிறது. ஒரு பக்கத்து வெரிகோசில் இரண்டு விரைகளையும் பாதிக்க ஒரு காரணமாக இதைத்தான் சொல்கிறார்கள்.

ஏன் பெரும்பாலும் இடது பக்கமே? வலது விரைச் சிரை கீழ்ப்பெருஞ்சிரையில் சாய்வாகச் சேர்கிறது. சர்வீஸ் ரோடு ஹைவேயில் கலப்பது மாதிரி. இடது சிரையோ ஒரு சந்து மெயின் ரோட்டில் போய் முட்டுவது மாதிரி, சிறுநீரகச் சிரையில் ஏறக்குறைய செங்கோணத்தில் ஏறுகிறது. அதோடு, இடது சிறுநீரகச் சிரை கீழ்ப்பெருஞ்சிரைக்குப் போகும் வழியில் இரண்டு தமனிகளுக்கு நடுவே நுழைய வேண்டும். பின்னால் பெருந்தமனி, முன்னால் குடலுக்கு இறங்கும் பெரிய தமனி. ஒல்லியானவர்களுக்கு அந்த இடுக்கு இன்னும் குறுகல். அங்கே நசுங்கினால் அழுத்தம் பின்னோக்கி ஏறி விரைச் சிரைக்கு வந்துவிடும். வழியில் உள்ள வால்வுகள் சரியாக இருந்தால் தடுத்து நிறுத்தும். இல்லாவிட்டால், நிற்கிற மனிதனின் சிறுநீரகத்திலிருந்து விரைவரை ஏறக்குறைய ஒரு முழ உயரத்துக்கு இரத்தம் நின்று, நாள் முழுக்க அந்த மெல்லிய சிரைகளைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். படுத்தால் வடிந்துவிடும். அதனால்தான் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை பார்க்கிறோம். மூச்சைப் பிடித்து முக்கச் சொன்னால் சிரையில் நிறம் மாறி இரத்தம் தலைகீழாக ஓடுவது திரையில் தெரியும்.

படுத்தாலும் வடியாத வெரிகோசில், வலது பக்கம் மட்டும் வருகிற வெரிகோசில், நடுவயதில் திடீரென்று முளைக்கிற வெரிகோசில் ஆகிய மூன்றையும் பார்த்தால் நான் ஸ்கேன் கருவியின் புரோபை மேலே நகர்த்திச் சிறுநீரகத்தையும் பார்த்துவிடுவேன். மேலே ஒரு கட்டி சிரையை அடைத்திருக்கலாம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த நோயொன்றும் இல்லை. முதல் நூற்றாண்டில் ரோமில் எழுதிய செல்சஸ், விரையின் மேல் சிரைகள் வீங்கி முறுக்கிக்கொள்வதையும், அந்தப் பக்கத்து விரை மற்றதைவிடச் சிறுத்துப்போவதையும் குறித்திருக்கிறார். குழந்தைப்பேறோடு அழுத்தமாக முடிச்சுப் போட்டவர் எடின்பரோவின் டல்லாக். விந்தணுவே இல்லாதிருந்த ஒருவருக்கு வெரிகோசிலைச் சரிசெய்த பிறகு அவர் தகப்பனானதை 1950களில் எழுதினார். அர்ஜென்டினாவின் ஆஸ்கர் இவானிசெவிச் 1960இல் வெளியிட்ட கட்டுரையில் 42 வருட அனுபவமும் 4,470 அறுவை சிகிச்சைகளும் இருந்தன. இரத்தம் பின்னோக்கி வழிவதுதான் நோய் என்று கட்டுரையின் தலைப்பிலேயே சொன்னவர். அவர் தன் நாட்டுக்குக் கல்வி அமைச்சராகவும் இருந்திருக்கிறார். அத்தனை ஆபரேஷனுக்கு நடுவே அதற்கு எங்கிருந்து நேரம் கிடைத்ததோ. 1949இல் பலோமோ என்ற மருத்துவர் துணிந்து ஒரு காரியம் செய்தார். சிரையோடு சேர்த்து விரைத் தமனியையும் கட்டிவிட்டார், விரை பெரும்பாலும் பிழைத்துக்கொண்டது. விரைக்கு வேறு இரண்டு சிறு தமனிகளிலிருந்தும் இரத்தம் வருகிறது என்பதால் அது சாத்தியமாயிற்று. 1970களின் பிற்பகுதியில் இத்தாலியிலும் பிரேசிலிலும் கத்தியை வைத்துவிட்டுக் கதீட்டரைக் கையில் எடுத்தார்கள்.

நாங்கள் பெரும்பாலும் கழுத்துச் சிரை வழியாகப் போகிறோம். கேட்டதும் எல்லோரும் பதறுவார்கள். "டாக்டர், பிரச்சினை கீழே, நீங்க கழுத்துல குத்துறேங்கிறீங்க?" வழி அப்படி. கழுத்திலிருந்து இறங்கினால் இதயத்தின் வலது மேலறையைக் கடந்து கீழ்ப்பெருஞ்சிரை, அங்கிருந்து இடது சிறுநீரகச் சிரை, மறுபடி கீழ்நோக்கி விரைச் சிரை. எல்லாமே இறக்கம். தொடைச் சிரை வழியாகவும் போகலாம். ஆனால் ஏறிப்போன கதீட்டரை மேலே வளைத்து மறுபடி கீழே இறக்க வேண்டும். குத்துகிற இடத்தில் மட்டும் மரத்துப்போக ஊசி. ஆள் விழித்தேதான் இருப்பார், இருக்கவும் வேண்டும், ஏனென்றால் சிறுநீரகச் சிரையில், எக்ஸ்ரேயில் தெரியும் டை மருந்தைச் செலுத்தும்போது "நல்லா முக்குங்க" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. வால்வு கெட்டிருந்தால் டை மருந்து கறுப்புக் கோடாக வயிற்றின் குறுக்கே கீழே இறங்கி இடுப்பைத் தாண்டிப் போகும். விரைப்பைமேல் எக்ஸ்ரே படக் கூடாது என்பதால் அதற்கு முன்பே படத்தை நிறுத்திவிடுவோம்.

பாடப்புத்தகத்தில் விரைச் சிரை ஒரே ஒரு கோடு. திரையில் அப்படி வருகிற ஆள் கொஞ்சம் அதிர்ஷ்டசாலி. பலருக்கு அது பாதி வழியில் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும். சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பிலிருந்தும் பெருங்குடல் பக்கத்திலிருந்தும் முதுகெலும்போரச் சிரைகளிலிருந்தும் சின்னச் சின்னக் கிளைகள் வந்து சேரும். சிலருக்குச் சிரையின் வாயிலில் வால்வு நல்ல நிலையில் இருக்கும், டை மருந்தே இறங்காது. ஆனால் ஒரு கிளை வால்வைச் சுற்றிக்கொண்டு போய்க் கீழே கலந்திருக்கும். சிலருக்கு இடது சிறுநீரகச் சிரையே இரண்டு: ஒன்று பெருந்தமனிக்கு முன்னால், இன்னொன்று பின்னால். வலது பக்கத்திலும் விரைச் சிரை கீழ்ப்பெருஞ்சிரையை விட்டுவிட்டுச் சிறுநீரகச் சிரையில் சேர்ந்திருக்கலாம், நாம் அரை மணி நேரம் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருப்போம். ஜெர்மனியில் பேரன் என்பவரும் அவருடைய குழுவினரும் 1983இல் இந்த அமைப்புகளை வகை பிரித்து எண் கொடுத்தார்கள். நாற்பது ஆண்டுக்குப் பிறகும் படத்தைப் பார்த்ததும் அந்த எண்ணைத்தான் சொல்லிக்கொள்கிறோம்.

மேலே வாயிலில் மட்டும் ஒரு காயிலைப் போட்டு அடைத்துவிட்டு வந்தால் வேலை முடிந்த மாதிரி இருக்கும். ஆறு மாதத்தில் பக்கத்துக் கிளை பருத்து அதே தேக்கம் திரும்பிவிடும். அதனால் கதீட்டரைத் தொடை இடுக்கின் மட்டத்துக்குச் சற்று மேலேவரை கொண்டுபோய், கீழே முதல் காயில், பிறகு சோடியம் டெட்ராடெசில் சல்ஃபேட்டைக் காற்றோடு கலந்து நுரையாக்கிச் செலுத்தி, மேலே வரும் வழியில் இன்னும் காயில் என்று முழு நீளத்துக்கும் மூடிக்கொண்டு வர வேண்டும். காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதற்குப் போடுகிற அதே மருந்துதான். அது நுண் கிளைகளுக்குள் தானாகப் பரவும், காயில் அங்கே போக முடியாது. மருந்து போகும்போது உதவியாளர் தொடை இடுக்கை அழுத்திப் பிடித்துக்கொள்வார். நுரை விரைப்பைக்குள் இறங்கினால் அந்தப் பின்னல் வீங்கி வலி எடுத்துவிடும். கதீட்டருக்கு வழிகாட்டும் கம்பியின் நுனி பட்டதும் சிரை கோபித்துக்கொண்டு நூலாகச் சுருங்குவதும் உண்டு. அப்போது செய்ய வேண்டியது சும்மா இருப்பது. இளம் டாக்டர்களுக்கு இதைக் கற்றுக்கொடுப்பதுதான் பெரும்பாடு.

விந்தணு ஒன்று உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகும். ஆகவே 3 மாதம் கழித்துத்தான் விந்து பரிசோதனை. அதற்குள் இரண்டு லேபில் எடுத்துப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களிடம் கோபிக்க முடிவதில்லை.

வெரிகோசில் உள்ள எல்லோரையும் மேசையில் ஏற்ற வேண்டியதும் இல்லை. ஆண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு இது உண்டு, அவர்களில் பெரும்பாலோர் பிள்ளை பெற்றுக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். குழந்தையில்லை என்று பரிசோதனைக்கு வருபவர்களில் பார்த்தால் 35 முதல் 40 சதவீதம். கையால் தொட்டால் தெரிகிற வெரிகோசில், கூடவே விந்தணு எண்ணிக்கையோ ஓட்டமோ குறைவு, குழந்தைக்கு முயற்சி செய்யும் தம்பதி: இவை சேர்ந்து இருந்தால்தான் சிகிச்சைக்குப் பொருள். ஸ்கேனில் மட்டும் தெரிகிற, கைக்குத் தட்டுப்படாத வெரிகோசிலைக் குழந்தைக்காகச் சரிசெய்ய வேண்டாம் என்பது அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. "லேசான வெரிகோசில்" என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதிவிட்டால் அது ஒரு குடும்பத்தில் என்னென்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்யும் அறுவை சிகிச்சை நல்ல கையில் மிக நன்றாகவே வருகிறது, திரும்ப வருவதும் குறைவு. நிணநீர்க் குழாயைத் தொடாததால் கதீட்டர் சிகிச்சையில் விரைப்பையில் நீர் கோக்காது, தையல் இல்லை, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். ஆபரேஷனுக்குப் பிறகும் திரும்ப வந்தவர்களுக்குக் கதீட்டர்தான் கைகொடுக்கும். எந்தக் கிளை தப்பியது என்று படத்தில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் வரும் ஃபைலில் மனைவியின் ரிப்போர்ட்டுகள் கனமாக இருக்கும். கருக்குழாய் எக்ஸ்ரே, லேப்ராஸ்கோபி, ஹார்மோன், எல்லாம். கணவனுடைய ஒரே ஒரு விந்து பரிசோதனைத் தாள் கடைசியில் இருக்கும், தேதி போன மாதத்தது. இரண்டு வருடமாக அந்தப் பெண்ணைக் குத்திக் குடைந்த பிறகு. இதை மட்டும் எத்தனை முறை பார்த்தாலும் பழகவில்லை.

அப்புறம் தமனி. ஆண்குறிக்கு இரத்தம் தரும் புடெண்டல் தமனியின் வழி உடலில் இருக்கும் விசித்திரமான வழிகளில் ஒன்று. பெருந்தமனி கீழே பிரிந்து உண்டாகும் இலியாக் தமனிகளில், இடுப்புக்குள் போகும் உள் இலியாக் தமனியிலிருந்து கிளைக்கிறது. நேராகக் கீழே இறங்கினால் போதும் என்று நமக்குத் தோன்றும். அதுவோ இடுப்புக் கூட்டை விட்டு வெளியேறிப் பிட்டப் பக்கம் போய், இடுப்பெலும்பின் ஒரு கூர்மையான முனையைச் சுற்றி, அடியில் இருக்கும் இன்னொரு துளை வழியாக மறுபடி உள்ளே வருகிறது. பிறகு ஆசனவாய்க்குப் பக்கத்துச் சுவரில் ஒரு உறைக்குள் ஓடுகிறது. 1830களில் இதை விவரித்த அயர்லாந்துக்காரர் பெஞ்சமின் ஆல்காக்கின் பெயரையே அந்த உறை தாங்கியிருக்கிறது. நீண்ட தூரம் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு மரத்துப்போவது அங்கே செல்லும் நரம்பு சீட்டில் அழுந்துவதால்தான். கடைசியில் முன்னிடுப்பெலும்புக்கு அடியில் வந்து கிளைகளாகப் பிரிகிறது: சிறுநீர்ப் பாதையின் அடிப்பகுதிக்கு ஒன்று, ஆண்குறியின் மேற்புறத்துக்கு ஒன்று, விறைக்கும் திசுவின் நடுவே ஓடுவது ஒன்று.

சிலருக்கு இந்தச் சுற்றுவழியோடு இன்னொரு குறுக்குவழியும் உண்டு. இடுப்புக்கு உள்ளேயே, புராஸ்டேட் சுரப்பியை ஒட்டி ஒரு துணைத் தமனி ஆண்குறிக்கு இறங்கும். சிலருக்கு அதுவே முக்கிய வழி. புராஸ்டேட் புற்றுநோய் ஆபரேஷனில் அதை அறுத்துவிட்டால் நரம்பைக் காப்பாற்றியும் விறைப்பு போய்விடலாம்.

புராஸ்டேட் வீக்கத்துக்குத் தமனியை அடைக்கும் சிகிச்சையில் இந்த அக்கம்பக்கம்தான் எங்களை வியர்க்க வைக்கிறது. வீங்கிய புராஸ்டேட்டுக்கான சிகிச்சையாகவே இதைத் திட்டமிட்டுத் தொடங்கியவர் சாவோ பாவ்லோவின் கார்னவாலே, 2008இல். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான மணிகளைத் தமனிக்குள் விட்டால் சுரப்பி மெல்லச் சுருங்கும். விந்து வெளியேறுவது பின்னோக்கித் திரும்பிவிடுவது சுரண்டி எடுக்கும் ஆபரேஷனில் சகஜம், இதில் குறைவு; அதற்காகவே இதைத் தேடி வருகிறவர்கள் உண்டு. ஆனால் புராஸ்டேட்டுக்கான தமனி எங்கிருந்து கிளைக்கும் என்று சொல்ல முடியாது. சிறுநீர்ப்பைத் தமனியோடு சேர்ந்து வரலாம், தனியாக வரலாம், புடெண்டல் தமனியிலிருந்தே வரலாம். அதன் கிளை ஒன்று ஆண்குறித் தமனியோடு கைகோத்திருந்தால் மணிகள் அங்கேயும் போகும், நுனியில் புண் வரும். அதனால் மணியை விடுவதற்கு முன்னால் மேசையிலேயே சிடி எடுத்துப் பார்த்துவிடுகிறோம். இணைப்பு தெரிந்தால் அதை முதலில் ஒரு சின்னக் காயிலால் மூடிவிட்டுத்தான் மற்றது.

இதே தமனியில் கதீட்டர் மாயம் போல வேலை செய்கிற ஒரு நோய் உண்டு, அபூர்வமானது. குரங்குப் பெடல் பழகி, முதல்முறை பாருக்கு மேல் காலைப் போடும்போது வழுக்கி விழுந்த அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். அந்த அடியில் விறைக்கும் திசுவின் நடுவே ஓடும் தமனி கிழிந்தால் இரத்தம் கட்டுப்பாடில்லாமல் உள்ளே கொட்டிக்கொண்டே இருக்கும். வலியில்லாத, பாதி விறைப்பு, நாள் கணக்கில். 1977இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் நோயாளியின் சொந்த இரத்தக் கட்டியையே தமனிக்குள் விட்டு இதை நிறுத்தினார்கள். இன்றும் கரைந்துபோகிற பொருளைத்தான் முதலில் தேர்கிறோம். கிழிசல் ஆறியதும் தமனி திறந்துகொள்ள வேண்டும். வலியோடு கல் மாதிரி நிற்கிற விறைப்பு முற்றிலும் வேறு. அது 4 மணி நேரத்தைத் தாண்டினால் எமர்ஜென்சி வார்டுக்கு ஓட வேண்டும்.

சரி, விறைப்பு வராததுக்கு வருவோம். இளகின தசை, உள்ளே பாயும் தமனி, வெளியே போகவிடாமல் மூடிக்கொள்ளும் சிரை, இந்த மூன்றும் சேர்ந்துதான் விறைப்பு. நரம்பிலிருந்தும் குழாய்ச் சுவரிலிருந்தும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு வெளிவந்து தசை இளகுகிறது. பஞ்சு போன்ற அறைகள் நிறைந்து, மேலே உள்ள தடித்த உறைக்கு எதிராகச் சிரைகளை நசுக்கிவிடுகின்றன. சிரைக்கென்று தனிக் கதவு கிடையாது. அறைகள் முழுதாக நிறைவதுதான் கதவு. நைட்ரிக் ஆக்சைடு ஆராய்ச்சிக்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்த 1998இல்தான் வயாகராவும் சந்தைக்கு வந்தது.

அடைப்பு மேலே, பெரிய குழாயில் இருந்தால் எங்களால் நிறையச் செய்ய முடியும். நடந்தால் பிட்டத்தில் வலி, தொடையில் நாடி மெலிவு, விறைப்பின்மை மூன்றும் சேர்ந்து வரும் நோய்க்கு பிரெஞ்சு அறுவை மருத்துவர் லெரிஷ் பெயர் இருக்கிறது. புகைபிடிக்கும் ஆணுக்கு இலியாக் தமனி அடைத்தால் ஸ்டென்ட் வைத்துத் திறக்கலாம், நடையோடு மற்றதும் திரும்பக்கூடும். ஆனால் என்னிடம் வருகிற பெரும்பாலானவர்களுக்கு அடைப்பு கடைக்கோடியில். ஆண்குறித் தமனியின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத் தமனி 3 முதல் 4, கழுத்துத் தமனி 5 முதல் 7, தொடைத் தமனி 6 முதல் 8. சர்க்கரையும் புகையும் கொழுப்பும் எல்லாக் குழாய்ச் சுவரையும் ஒரே நேரத்தில்தான் அரிக்கின்றன. சிறியது முதலில் அறிவிக்கிறது. இத்தாலியின் மொன்டோர்சியும் அவருடைய கூட்டாளிகளும் 2005இல் முன்வைத்த விளக்கம் இது. நெஞ்சுவலி வருவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்னாலேயே விறைப்புக் குறைவது பலரிடம் காணப்படுகிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்கின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். 45 வயதில், சர்க்கரையோடு, "இப்ப ஒரு வருஷமா சரியில்ல சார்" என்று சொல்கிற அண்ணனுக்கு நான் முதலில் எழுதுவது இசிஜியும் டிரெட்மில்லும். "நான் அதுக்கு வரலையே" என்பார். போய்ப் பார்த்துவிட்டு இதயத்தில் ஸ்டென்டோடு திரும்பியவர்கள் இருக்கிறார்கள்.

அந்தச் சின்னத் தமனியிலேயே ஸ்டென்ட் வைத்துப் பார்க்காமல் இல்லை. அமெரிக்காவில் ஒரு குழு நூற்றுக்கணக்கானவர்களைச் சலித்து, பொருத்தமான அடைப்பு இருந்த 30 பேருக்குப் புடெண்டல் தமனியில் மருந்து தடவிய ஸ்டென்ட் வைத்து 2012இல் வெளியிட்டது. மூன்றில் இரண்டு பங்கினருக்கு நல்ல முன்னேற்றம். ஆனால் 6 மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு இடங்களில் மறுபடி சுருக்கம். தைவானில் இன்னும் கீழே போய்ப் பலூன் மட்டும் வைத்துப் பார்த்தார்கள். அங்கேயும் திரும்ப அடைப்பதுதான் தலைவலி. சலித்த கணக்கைத்தான் நான் உற்றுப் பார்க்கிறேன். அத்தனை பேரில் ஒற்றை இடத்தில் மட்டும் அடைப்பு உள்ளவர் அவ்வளவு குறைவு. மற்றவர்களுக்குக் குழாய் முழு நீளத்துக்கும் கெட்டிருக்கிறது, அதற்கு அப்பால் தசையும் கெட்டிருக்கிறது.

இளைஞர்களின் கதை வேறு. அவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு டாப்ளர் ரிப்போர்ட் இருக்கும். இந்தப் பரிசோதனையில் விறைப்புக்கான மருந்தை ஊசியால் உள்ளேயே போட்டு, தமனியின் வேகத்தை அளக்கிறோம். ஊசியால் விறைப்பை வரவழைக்கலாம் என்பதைப் பாரிஸின் விராக் 1982இல் எழுதினார். அடுத்த வருடம் லாஸ் வேகஸ் மருத்துவ மாநாட்டில் பிரிட்டிஷ் விஞ்ஞானி பிரிண்ட்லி தனக்குத் தானே ஊசி போட்டுக்கொண்டு வந்து, மேடையிலேயே கால்சட்டையை இறக்கிச் சான்று காட்டிவிட்டார். மாநாடுகளில் தூங்கிப் பழகிய எங்கள் இனத்துக்கு அப்படி ஒரு நாள். உச்ச வேகம் வினாடிக்கு 35 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் தமனி நன்று, 25க்குக் கீழே என்றால் அடைப்பு. இதயத் துடிப்புகளுக்கு நடுவே வேகம் 5க்கு மேல் நின்றுகொண்டே இருந்தால் சிரை மூடவில்லை, கசிகிறது என்று பொருள்.

அந்த 5தான் ஆளைக் கவிழ்க்கும் எண். ஏசி குளிர், முன்பின் தெரியாத ஆட்கள், டியூப்லைட், ஊசி. பயந்தவன் உடம்பில் அட்ரினலின் ஓடும், தசை இறுகும், அறைகள் நிறையாது, நிறையாததால் சிரை மூடாது. கருவி பார்த்ததை உண்மையாகத்தான் சொல்கிறது. நோய் சிரையில் இல்லை. கசிகிற சிரையைக் கண்டுபிடித்துப் பசையும் காயிலும் வைத்து அடைக்கும் முறைகள் இருக்கின்றன. ஆண்குறியின் மேற்புறச் சிரை வழியாகப் புராஸ்டேட்டைச் சுற்றியுள்ள பின்னல்வரை போய் அடைப்பார்கள். தொடக்கத்தில் நன்றாக இருக்கும், பலருக்கு நாளடைவில் வேறு சிரை வழி திறந்துகொள்ளும். கசிவுக்காகச் சிரையைக் கட்டும் அறுவை சிகிச்சையை அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2018இல் பரிந்துரைக்கவில்லை. தேர்ந்தெடுத்த சிலருக்குக் கதீட்டர் முறை உதவலாம் என்று சொல்லும் சக மருத்துவர்கள் உண்டு. அந்தத் தேர்ந்தெடுப்பு நடந்த பிறகு என்னிடம் அனுப்பினால் நானும் யோசிக்கிறேன்.

புதிதாகக் கல்யாணமான ஒருவர் "சிரைக் கசிவு" என்ற ரிப்போர்ட்டோடு வந்தார். இன்டர்நெட்டில் நிறையப் படித்திருந்தார்.

"சார், கசிவை அடைச்சிடலாம்னு சொன்னாங்க. நீங்கதான் அடைப்பீங்களாமே?"

"தம்பி, காலைல தூங்கி எழுந்திருக்கும்போது எப்படி?"

"அப்பல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்."

"அந்த ஸ்கேன் எடுக்கும்போது ரூம்ல எத்தனை பேர்?"

"அஞ்சு பேர். ரெண்டு பேர் ஸ்டூடண்ட்ஸ்னு நினைக்கிறேன்."

காலையில் தானாக வருகிற விறைப்பு நன்றாக இருக்கிறதென்றால் குழாயும் உறையும் சிரையும் வேலை செய்கின்றன. அவருக்குப் பரிசோதனையைத் திரும்பச் செய்தேன். ஏசியை அணைத்து, விளக்கைக் குறைத்து, மருந்து போட்ட பிறகு கொஞ்ச நேரம் தனியாக விட்டு, போதாதபோது இரண்டாவது ஊசியும் போட்டு. துடிப்புகளுக்கு நடுவே வேகம் பூஜ்யத்துக்கு இறங்கி, பிறகு கோட்டுக்கு அடியிலும் போயிற்று. அடைக்க எதுவும் இல்லை. திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். பழைய ரிப்போர்ட்டைத்தான் மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தார். குறைந்த அளவில் மாத்திரை எழுதி, தாம்பத்திய ஆலோசனை தரும் மனநல மருத்துவரின் பெயரையும் எழுதியபோது முகம் சுருங்கிவிட்டது. மனைவியையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டார். கட்டாயம் கூட்டிப் போங்க என்றேன். காயில் வைக்காத கேஸ் என்பதால் பில்லில் ஸ்கேன் கட்டணம் மட்டும்தான் வந்தது, அதற்கும் கவுன்டரில் தள்ளுபடி கேட்டுவிட்டுத்தான் போனார்.